மண்முனைப் பாலத்தில் கழன்ற செயின்

கடந்த மாரியில் ஒரு திங்கட்கிழமை காலை, மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மண்முனைத்துறைப் பாலத்தின் ஏற்றத்தில் ஓர் ஆசிரியையின் சைக்கிள் செயின் வீதியில் விழுந்தது. செயின் அறுந்துவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். அது அறவில்லை, கழன்றது. அறுவதற்கும் கழல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. கண்டதை ஒழுங்காக எழுதிவைப்பது பலருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். இங்கே பாடசாலைக்கும் வயலுக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போகிறவர்கள் இன்னும் ஏராளம். கியர்ச் சைக்கிள்கள் பெருகிவிட்டன. அவற்றின் செயினின் இரு முனைகளையும் சேர்த்துப் பூட்டும் குயிக் லிங்க் என்ற சிறு இணைப்பை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்பதை நிதானமாகச் சொல்லித் தருகிறவர்கள்தான் குறைவு.

நான் கல்லடியில் சைக்கிள் திருத்துகிறேன். 18 வருடத் தொழில். பெரும்பாலும் கியர்ச் சைக்கிள் வேலைதான் வருகிறது.

நடந்தது

ஆசிரியை குருக்கள்மடத்தில் வசிக்கிறார். படிப்பிக்கும் பாடசாலை வாவிக்கு அப்பால், படுவான்கரையில் இருக்கிறது. வழக்கமாக அம்பிளாந்துறைக்குப் பாதையில் கடந்துவிடுவார். மட்டக்களப்பில் பாதை என்றால் வழி மட்டுமல்ல, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். காற்று நாட்களில் மிதவையின் விளிம்பில் மோதும் அலை சைக்கிளின் கீழ்ப்பாதியை நனைக்கும். அது உப்புக் கலந்த தண்ணீர். வீடு இருக்கும் எழுவான்கரையோ ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிய நிலம். இரவில் வாசலில் நிற்கும் சைக்கிளுக்கும் உப்புக்காற்றிலிருந்து தப்பில்லை. இந்தச் செயினின் கதை உண்மையில் அந்த உப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

சைக்கிள் ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கே இறக்குமதியானது. பின்னால் 7 கியர், முன்னால் 38 பற்கள் கொண்ட ஒற்றைப் பல்சில்லு. சம்பவத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் செயினின் ஒரு வெளித்தகடு துருப்பிடித்து வெடித்திருக்கிறது. அயலூரில் நெடுங்காலமாகத் தொழில் செய்துவரும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். செயினில் ஒடுங்கிய உள் இணைப்பும் அகன்ற வெளி இணைப்பும் மாறி மாறி வரும். பெரியவர் வெடித்த வெளி இணைப்பை மட்டும் அளவாகக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு குயிக் லிங்க் போட்டுக் கொடுத்தார். இங்குள்ள கடைகளில் இதை ‘செயின் லொக்’ என்றும் கேட்பார்கள். ஆனால் லொக் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சாமான்கள் இருக்கின்றன. இந்த நிகழ்வின் பாதிக் காரணம் அந்தப் பெயர்க் குழப்பம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு கிழமை சைக்கிள் நன்றாக ஓடியது. வீட்டிலிருந்து துறை வரை சமதரை, அம்பிளாந்துறையிலிருந்து பாடசாலை வரையும் சமதரை. ‘டிக் டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் மட்டும் செயினின் சுற்றுக்கொரு தடவை கேட்டதாக ஆசிரியை சொன்னார். அந்தத் திங்களன்று காற்று பலமாக இருந்ததால் பாதை ஓடவில்லை. அவர் பெரிய வீதியால் வடக்கே வந்து, மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போக நினைத்தார். 2014ஆம் ஆண்டு திறந்த அந்தப் பாலத்துக்கு முன் அங்கேயும் பாதைதான் ஓடியது. பின் கரியரில் 40 பயிற்சிக் கொப்பிகள். பாலத்தின் ஏற்றத்தை அண்டியபோது சில மீட்டர் மிதிக்காமல் உருளவிட்டார். பிறகு எழுந்து நின்று வலது பெடலில் முழுப் பாரத்தையும் வைத்தார்.

பெடல் வெறுமையாகக் கீழே போனது. முழங்கால் ஹான்டிலில் அடித்தது. இடது உள்ளங்கை தாரில் உரசித் தோல் போனது. பின்னால் வந்த உழவு இயந்திரக்காரர் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். வேகமாக வந்த வாகனமாக இருந்திருந்தால் நான் இப்போது இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வலியோடும் அவர் ஒரு காரியம் செய்தார். வீதியில் கிடந்த செயினை எடுத்தார். சுற்றித் தேடி, குயிக் லிங்கின் ஒரு பாதித் தகட்டையும் கண்டெடுத்து, கைக்குட்டையில் முடிந்து வைத்தார். மறுபாதி வாவிக்குள் போயிருக்க வேண்டும். என்னிடம் வருகிற நூறு பேரில் ஒருவர்கூட உடைந்த துண்டைக் கொண்டுவருவதில்லை. அந்தக் கைக்குட்டை முடிச்சு இல்லையென்றால் இந்த ஆய்வும் இல்லை.

அறுந்ததா?

அன்று பின்னேரம் தம்பியாரின் முச்சக்கர வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார். “அண்ணா, இந்த லொக் எல்லாம் வேண்டாம். பழையபடி ஆணி அடித்தே தாருங்கள்” என்றார். “கொஞ்சம் பொறுங்கள் ரீச்சர், முதலில் பார்த்துவிடுகிறேன்” என்றேன்.

அவருடைய பயம் நியாயமானது. ஆனால் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. அவர் நிறை 55 கிலோ. பெடல் தண்டின் நீளம் 170 மில்லிமீட்டர். 38 பல்லுள்ள சில்லின் ஆரை ஏறத்தாழ 77 மில்லிமீட்டர். தண்டு கிடையாக இருக்கும்போது எழுந்து நின்றால் செயினில் விழும் இழுவை சுமார் 120 கிலோ நிறைக்குச் சமம். ஹான்டிலைப் பிடித்து இழுத்து மிதித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நல்ல நிலையிலுள்ள சைக்கிள் செயின் 800 கிலோவை அண்டிய இழுவையைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. சரியாக உட்கார்ந்த குயிக் லிங்கும் இந்த இழுவைக்கு அசையாது. பாலத்தின் ஏற்றம் செயினை அறுத்திருக்க முடியாது. செயினின் இரண்டு முனைகளையும் பார்த்தேன். இரண்டிலும் உள் இணைப்புகள் முழுதாக இருந்தன. உருளை நசுங்கவில்லை, தகடு கிழியவில்லை. அறுந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

தகடு சொன்னது

குயிக் லிங்கின் அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். அது ஒரே மாதிரியான இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியும் ஒரு தகடு. தகட்டின் ஒரு முனையில் ஆணி ஒன்று நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனையில் சாவித்துவாரம் போன்ற துளை. தகட்டின் நடுவை நோக்கிய பக்கம் துளை அகன்றிருக்கும், வெளிமுனையை நோக்கி ஒடுங்கும். ஆணியின் நுனியில் சுற்றிவர ஒரு பள்ளம் உண்டு. அதை நான் கழுத்து என்பேன். ஒரு பாதியின் ஆணி மற்றதன் அகன்ற துளைக்குள் நுழைகிறது. பிறகு செயினை இரு பக்கமும் இழுத்தால் ஆணி ஒடுங்கிய பகுதிக்கு வழுக்கிப் போய், கழுத்து அங்கே பிடித்துக்கொள்கிறது. இழுவை கூடக்கூடப் பூட்டு இறுகும். மிக எளிமையான, அழகான யோசனை.

ஆசிரியை கொண்டுவந்த பாதியை மண்ணெண்ணெயில் கழுவி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். அகன்ற துளையின் ஓரம் வெள்ளிபோல் மினுங்கியது. ஆணி அங்கே இரண்டு கிழமை உரசியிருக்கிறது. ஒடுங்கிய பகுதிக்குள்ளே தொழிற்சாலையில் பூசிய கருமை அப்படியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆணி ஒருநாளும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? துளையின் அகலமும் ஒடுக்கமும் சந்திக்கும் முனையில் மட்டும், தகட்டின் வெளிமுகத்தில், பிறை வடிவில் ஒரு நசிவு. ஆணியின் தலை அங்கே ஏறிக் குந்திக்கொண்டு இருந்திருக்கிறது.

ஏன் போகவில்லை? வேனியர் கருவியை எடுத்தேன். செயினில் இருந்த ஆணிகளின் முழு நீளம் 7.1 மில்லிமீட்டர். 6, 7, 8 கியர்ச் செயின்களுக்கு இதுதான் சாதாரண அளவு, உற்பத்திக்கு ஏற்ப 7.3 வரை போகும். லிங்கின் ஆணி காட்டியது 6.6. அது 9 கியர்ச் செயினுக்கான அளவு. இடையில் அரை மில்லிமீட்டர், விரல் நகத்தின் தடிப்புதான். அந்த அளவு குறைந்ததால் ஆணியின் கழுத்து எதிர்த்தகட்டுக்கு நேராக வரவில்லை, உள்ளேயே நின்றுவிட்டது. கழுத்து நேராக வராமல் தகடு வழுக்க முடியாது. குறட்டால் அழுத்தித் தலையை அகன்ற துளை வழியே வெளியே தள்ளியாகிவிட்டது. பார்வைக்கு இணைந்துவிட்டது. பூட்டு மட்டும் விழவில்லை.

அந்த ‘டிக் டிக்’ சத்தமும் இப்போது விளங்கியது. இறுக்கி அழுத்தப்பட்ட லிங்கின் இரு முனைகளும் மடங்க மறுத்தன. பின் கியர் மாற்றியிலுள்ள இரண்டு சிறு பல்சில்லுகளையும் அது கடக்கும்போதெல்லாம் விறைப்பாகத் துள்ளியது. சுற்றுக்கொரு தடவை வரும் சத்தத்துக்குச் செவி கொடுக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு இப்போது சொல்லி அனுப்புகிறேன். பெடல் சுற்றுக்கு ஒரு தடவை கேட்டால் பெடல் பக்கம் பார்க்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு, மூன்று பெடல் சுற்றுக்கு ஒரு தடவை கேட்டால் செயினின் ஏதோ ஓர் இணைப்பில் குறை இருக்கிறது.

தளர்வில் கழன்றது

இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. பூட்டாத லிங்க் இரண்டு கிழமை எப்படித் தாங்கியது, பாலத்தில் மட்டும் ஏன் கைவிட்டது?

பழைய 7 கியர்ச் செயினில் ஒரு முழத்துண்டு வெட்டி, அதேபோல 9 கியர் லிங்க் ஒன்றைக் குறட்டால் அழுத்திப் போட்டேன். ஒரு முனையைக் கிடுக்கியில் பிடித்து மறுமுனையில் மண் நிரப்பிய வாளியைத் தொங்கவிட்டேன். வாளி ஏறத்தாழ 20 கிலோ. லிங்க் அசையவில்லை. இழுவை இருக்கும்வரை ஆணித்தலை அந்தப் பிறை வடிவ ஓரத்தில் உரசிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வாளியை இறக்கிச் செயினைத் தளரவிட்டு, கியர் மாற்றிக்குள் போவதுபோல் இப்படியும் அப்படியும் வளைத்தேன். முதல் தடவை ஒன்றும் இல்லை. சில தடவைகளுக்குப் பிறகு ஒரு தகடு சத்தமில்லாமல் பிதுங்கி வெளியே வந்தது. அடுத்த வளைவில் லிங்க் இரண்டாகப் பிரிந்து மேசையில் விழுந்தது.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுப்படமும் கிடைத்தது. மிதிக்கும்போது மேற்பக்கச் செயின் இறுகியிருக்கும். கீழ்ப்பக்கம் எப்போதும் தளர்வுதான், கியர் மாற்றியின் வில் மட்டும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். மிதிக்காமல் உருளவிட்டால் மேற்பக்கமும் தளர்கிறது. பாலத்தடியில் அவர் சில மீட்டர் உருளவிட்ட அந்த நேரத்தில், வீதியின் குலுக்கலோடு லிங்க் பிதுங்கிவிட்டது. எழுந்து நின்று மிதித்தபோது அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமிருக்கவில்லை. பாரம் லிங்கைக் கழற்றவில்லை. ஏற்கெனவே கழன்றிருந்ததைப் பாரம் காட்டிக்கொடுத்தது. எங்கள் வாவிக் கரைகளில் மலை இல்லை, எழுந்து நின்று மிதிக்க வேண்டிய இடங்கள் பாலங்களின் ஏற்றமும் மணல் ஒழுங்கைகளும்தான். பழுதுபட்ட இணைப்பு கிழமைக்கணக்கில் மறைந்திருப்பதும், பாலத்தில் வாகனங்களுக்கு முன்னால் வைத்துத் தன்னைக் காட்டுவதும் அதனால்தான்.

கை பழகிய வழி

பெரியவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கையில் ஓடிய சைக்கிள்கள்தான் இந்தப் பிரதேசத்தில் விறகும் நெல்லும் மீன்பெட்டியும் சுமந்தன. அந்த 28 அங்குலச் சைக்கிள்களில் ஒற்றைப் பல்சில்லு, தடித்த செயின், அதில் மூன்று துண்டாக வரும் பழைய லொக். இரண்டு ஆணிகள் பதித்த தகடு ஒன்று, மூடுதகடு ஒன்று, மேலே மீன் வடிவில் ஒரு வில் கிளிப். கிளிப்பைக் குறட்டால் தள்ளினால் ‘டக்’ என்று விழும். அந்தச் சத்தத்தோடு வேலை முடிந்தது. அதில் பார்க்க வேண்டியது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்பது மட்டும்தான். பிளந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். இதைப் பெரியவர் தூக்கத்திலும் சரியாகச் செய்வார்.

குயிக் லிங்கில் இரண்டு சத்தம் உண்டு. முதலாவது, ஆணித்தலை அகன்ற துளையைக் கடக்கும்போது வருவது. இரண்டாவது, இழுவையில் கழுத்து ஒடுங்கிய பகுதிக்குப் போய் விழும்போது வருவது. குறட்டுக்குப் பழகிய கை முதற் சத்தத்தோடு நின்றுவிட்டது. அந்த வேலை முடிவது குறட்டில் அல்ல, பெடலில். லொக் என்ற பொதுப்பெயர் அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டது என்று சொன்னது இதைத்தான். அளவு தவறியதற்கும் காரணம் எளியது. லிங்குகள் உறையில்லாமல் உதிரியாக வருகின்றன. எல்லாம் ஒரே தகர டப்பாவில் கிடக்கும். 8க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் படாது. சிலவற்றில் தகட்டில் பொடி எழுத்தில் எண் வெட்டியிருக்கும், துருவோ எண்ணெயோ அதை மூடிவிடும்.

எப்படிப் போட்டேன்

ஆசிரியையின் செயினை முதலில் அளந்தேன். அங்குல அடிமட்டத்தை ஓர் ஆணியின் நடுவில் வைத்தால், புதிய செயினில் 12 அங்குலத்தில் இன்னோர் ஆணியின் நடு சரியாக வரும். இதில் அது 12 அங்குலத்தைத் தாண்டி, ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நின்றது. பதினாறில் ஒன்றை எட்டினால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒன்று வரை விட்டால் பின் பல்சில்லுகளும் தேய்ந்திருக்கும், செலவு பல மடங்காகும். இந்தச் செயினுக்கு ஆயுள் இன்னும் சில மாதம். சம்பளம் வரட்டும், சித்திரையில் மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

7.1 அளவுக்கான புதிய லிங்க் எடுத்தேன். செயினின் இரு முனைகளும் உள் இணைப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் குயிக் லிங்க் ஒரு வெளி இணைப்பின் இடத்தைப் பிடிப்பது. பழைய சில்லுக் கம்பியை இரண்டு முனையிலும் கொக்கிபோல் வளைத்து வைத்திருக்கிறேன். அதைச் செயினின் இரு பக்கமும் மாட்டினால் கியர் மாற்றியின் வில் இழுக்காது, முனைகள் அமைதியாக நிற்கும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஒரு பாதியை வெளிப்பக்கமிருந்தும் மற்றதை உட்பக்கமிருந்தும் எதிரெதிராக நுழைத்தேன். அளவு சரியென்றால் இங்கே குறடே வேண்டாம், விரலாலேயே ஆணிகள் எதிர்த்துளைக்குள் போய்விடும். விரலால் போகாவிட்டால் அழுத்தக் கூடாது, அளவை மறுபடி பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த மிகப் பெறுமதியான எச்சரிக்கை அதுதான்.

கம்பிக் கொக்கியை எடுத்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்றி, லிங்கை மேற்பக்கச் செயினின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஆசிரியையைப் பின் பிறேக்கை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பெடலைச் சற்று முன்னோக்கி வைத்து, என் உடற்பாரத்தை மெதுவாக அதில் இறக்கினேன்.

‘டிக்.’

“இதுவா அண்ணா அந்த இரண்டாவது சத்தம்?” என்று கேட்டார். ஆம் என்றேன். இருந்தாலும் காதை மட்டும் நம்பக் கூடாது. லிங்கை வெளிச்சத்தில் பார்த்தோம். இரண்டு ஆணித்தலைகளும் தகடுகளின் வெளிமுனைக்குப் போயிருந்தன. அவற்றுக்கு உட்புறத்தில் பிறை போன்ற வெற்றிடம் தெரிந்தது. முன்னும் பின்னும் இரண்டு தகடுகளையும் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து மறுபக்கம் ஏமாற்றுவதுண்டு. லிங்கை மேலும் கீழும் மடக்கிப் பார்த்தேன், பக்கத்து இணைப்புகளைப் போலவே இலகுவாக மடங்கியது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக் கியர் மாற்றியில் துள்ளுகிறதா என்றும் கவனித்தேன். துள்ளவில்லை.

9 கியருக்கு மேற்பட்ட செயின்கள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 10 கியர்ச் செயினின் ஆணி நீளம் ஏறத்தாழ 5.9, 11க்கு 5.5ஐ ஒட்டி, 12க்கு 5.2ஐ ஒட்டி. அளவு குறையக்குறைய ஆணிக் கழுத்தும் நுண்மையாகிறது. அதனால் சிமானோவின் 11, 12 கியர் குயிக் லிங்குகளையும் ஸ்ராமின் பவர்லொக் வகையையும் ஒரு தடவை கழற்றினால் மறுபடி போடக் கூடாது என்று அந்த உற்பத்தியாளர்களே அறிவுறுத்துகிறார்கள். சிலவற்றில் அம்புக்குறி இருக்கும், அது செயின் ஓடும் திசையில் அமைய வேண்டும். 7, 8 கியர் லிங்குகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிக் கழுவித் திரும்பப் போடலாம். எங்கள் ஊர் உப்புக்கு இந்த வசதி ஒரு வரம்.

கழற்றும் நாள்

தை மாதக் கடைசியில், வெள்ளம் வடிந்த பிறகு, அதே செயினைக் கழுவுவதற்காகக் கழற்ற வேண்டி வந்தது. லிங்கின் துளைக்குள் மணலும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து களிபோல் இறுகியிருந்தன. குறட்டை வைத்து நெரித்தால் தலை தேயும். முதலில் மண்ணெண்ணெய் தடவிப் பழைய பல் தூரிகையால் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டேன்.

கழற்றுவது போடுவதன் தலைகீழ். போடும்போது லிங்க் மேற்பக்கத்தில், இழுவையில் இருந்தது. கழற்றும்போது கீழ்ப்பக்கத்தில், தளர்வில் இருக்க வேண்டும். செய்ய வேண்டிய அசைவு இரண்டு, அவை ஒரே கணத்தில் நடக்க வேண்டும். இரண்டு தகடுகளையும் பக்கவாட்டில் ஒன்றையொன்று நோக்கி அழுத்த வேண்டும், அப்போதுதான் கழுத்து துளையின் விளிம்பை விடும். அதோடு இரண்டு ஆணிகளையும் நடுவை நோக்கித் தள்ள வேண்டும், அப்போதுதான் தலைகள் அகன்ற பகுதிக்கு வரும். இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தகடுகளை அழுத்த, வலது கையில் அதற்கென்றே உள்ள குறடு உருளைகளைப் பிடித்து நெருக்கியது. ஆணிகளை மட்டும் நெருக்கிவிட்டுத் தகடுகளை அழுத்தாமல் விடுவதுதான் பலருக்கு லிங்க் கழலாமல் போவதற்குக் காரணம்.

அந்தக் குறடு எல்லாரிடமும் இருக்காது. வீதியில் அகப்பட்டால் வலை பின்னும் முறுக்கு நைலோன் நூல் போதும். லிங்கின் ஒரு பக்க உருளைக்கு அப்பாலுள்ள இடைவெளியால் நூலை நுழைத்து, மறுபக்க உருளைக்கு அப்பாலுள்ள இடைவெளியால் திரும்ப எடுத்து, நடுவில் ஒரு குறுக்கு முடிச்சைத் தளர்வாகப் போட்டு, இரண்டு நுனிகளையும் வெடுக்கென்று இழுத்தால் உருளைகள் நெருங்கும். ஒற்றை இழைத் தங்கூசி வேண்டாம், அது கையை அறுக்கும். சப்பாத்து நூலாலும் செய்யலாம். ஆசிரியையிடம் நூலைக் கொடுத்து அவரையே கழற்றச் சொன்னேன். மூன்றாம் இழுவையில் கழன்றது. அவருடைய பையில் இப்போது நூலும், 7.1 அளவு லிங்க் ஒன்றும் உறையோடு இருக்கின்றன.

கழுவிய செயினை நன்றாகக் காயவைத்து, ஒவ்வோர் உருளையிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலே படிந்ததைத் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அது நாள்பட்டால் பிசினாகி மணலைக் கூட்டிப் பிடிக்கிறது. பாதையில் நனைந்த நாளில் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டால் துருவில் பாதி அன்றே போய்விடும்.

பெரியவரின் டப்பா

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பெரியவரின் கடைக்குப் போனேன். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. என் வயதளவு அனுபவம் உள்ளவருக்கு நான் என்ன சொல்வது? “மாமா, இதை ஒருக்கால் பாருங்கள்” என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நகர்ந்து நீண்ட நேரம் பார்த்தார். மினுங்கும் ஓரத்தையும் கருமை மாறாத ஒடுக்கத்தையும் நான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. “சத்தம் கேட்டது தம்பி. அதோடு சரி என்று விட்டுவிட்டேன்” என்றார். பிறகு, “அந்தப் பிள்ளைக்குக் கை எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

தகர டப்பாவைக் கடுதாசியில் கொட்டினார். 23 லிங்குகள். என் வேனியர் கருவியால் ஒவ்வொன்றாக அளந்தோம். 14 லிங்குகள் 7.1க்கும் 7.3க்கும் இடையில் நின்றன. 7 லிங்குகள் 6.6 அளவு. மிச்சம் இரண்டும் 5.9, அவை எப்படி வந்தன என்று அவருக்கே நினைவில்லை. ஆணி தேய்ந்த நான்கைத் தனியாக எடுத்து அவரே சுத்தியலால் நசித்து எறிந்தார், இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது என்று. மற்றவற்றை அளவுக்கொரு நிறமாக நூலில் கோத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். சிவப்பு நூலில் 7, 8 கியர், நீலத்தில் 9.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை ஆசிரியைக்குப் புதிய செயின் வந்தது. அதைப் பெரியவரின் கடையிலேயே போட்டோம். சிவப்பு நூலிலிருந்து பெரியவர்தான் லிங்கை எடுத்தார், விரலால் நுழைத்தார், மேற்பக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்தார். பிறேக்கை நான் பிடித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைத்து, சத்தம் வரும்வரை குனிந்து லிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.